அரண்மனையிலிருந்து ஓரியூர் வரை: புனித அருளானந்தர் வாழ்க்கை

ஜூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய வரலாறும், பங்குக் குருக்களின் வரிசையும், உபகாரிகளின் பெயர்களும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுத நம்மிடையே தகுந்தவர்கள் இருக்கிறார்கள். மலர்க் குழுவினர் எங்களிடம் ஒப்படைத்தது வேறு பொறுப்பு. நம் மறைமாவட்டத்தின் பாதுகாவலரான புனித அருளானந்தரின் வாழ்க்கையை, வீட்டில் பெரியவர் முதல் சிறியவர் வரை வாசிக்கும்படி எழுதித் தர வேண்டும் என்றார்கள். தயக்கத்தோடுதான் ஒப்புக்கொண்டோம். ஓரியூருக்குப் போய் வராத கத்தோலிக்கக் குடும்பம் காரைக்குடிப் பக்கத்தில் இராது. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போய், திருப்பலி கண்டு, அந்தச் செம்மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதை நெற்றியில் பூசுகிறோம். இவ்வளவு நெருக்கமான ஒருவரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்?

ஆனால் அவர் வரலாற்றை மறுபடியும் எடுத்துப் படித்தபோது ஒன்று புரிந்தது. நமக்குத் தெரிந்தது அவருடைய கடைசி நாள் மட்டுமே. வாளையும் செம்மண்ணையும் அறிவோம். அதற்கு முன் அவர் வாழ்ந்த நாற்பத்தைந்து ஆண்டுகளை அவ்வளவாக அறியோம். நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பத்தாருக்கு அந்த நாற்பத்தைந்து ஆண்டுகள்தான் அதிகம் பயன்படும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வாளுக்குக் கழுத்தைக் கொடுக்கும் நிலை நம்மில் எவருக்கும் வரப்போவதில்லை. ஊர் மாறுவதும், தொழில் மாறுவதும், கூட இருந்தவர் இல்லாமற் போவதும், நினைத்த ஒன்று நடவாமல் நினையாத ஒன்று வந்து வாசலில் நிற்பதும் எல்லார் வீட்டிலும் உண்டு. அருளானந்தர் வாழ்வு அப்படிப்பட்ட மாற்றங்களால் நிறைந்தது. அவற்றுள் சில அவர் விரும்பித் தேடியவை, சில அவர்மீது வந்து விழுந்தவை. பின்னவற்றை அவர் எப்படி ஏற்றார் என்பதையே இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

போர்த்துக்கல் நாட்டுத் தலைநகர் லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் ஒரு பிரபு குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜான். தந்தை சல்வதோர் தெ பிரிட்டோ பெரைரா, தாய் பிரித்தஸ் பெரைரா. பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. தந்தை பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு, அங்கேயே இறந்துவிட்டார். பிள்ளைக்கு அப்போது நான்கு வயதிருக்கும். தந்தை முகம் நினைவில் நிலைக்கும் வயதல்ல அது. ஆகவே ஜானின் வாழ்வில் முதல் மாற்றம், அது மாற்றம் என்று தெரியாத பருவத்திலேயே வந்துவிட்டது. கடல் கடந்து போனவர் திரும்பி வரவில்லை என்பதைத் தாய் எப்படித் தாங்கியிருப்பார் என்று நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆட்களை அனுப்பிவிட்டுக் கப்பல் கடிதத்துக்குக் காத்திருந்த சீமை இது.

சிறுவன் அரண்மனைக்குப் போனான். நான்காம் ஜான் மன்னரின் அவையில் பணிவிடைச் சிறுவனாகவும், இளவரசர் பேதுருவின் தோழனாகவும் வளர்ந்தான். அரண்மனைப் பிள்ளைகள் பலர் பகட்டிலும் சண்டையிலும் பொழுது போக்க, இவன் பிறர் செய்த தொல்லைகளை மறுவார்த்தையின்றிப் பொறுத்துக்கொண்டதால், கேலியாக வேதசாட்சி என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்களாம். பதினோரு வயதளவில் கடும் நோய் கண்டது. மருத்துவர் கைவிட்ட நிலையில், தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டு சேசு சபையாரின் அங்கியை அவனுக்கு உடுத்துவதாக அந்த நேர்த்தி. பிள்ளை பிழைத்தான், அங்கியும் உடுத்தப்பட்டது. அங்கி அணிந்த சின்னஞ்சிறு பையன் அரண்மனைத் தாழ்வாரங்களில் நடந்தபோது அவையோர் புன்னகை புரிந்திருப்பார்கள். ஓராண்டு முடிந்ததும் அங்கி களையப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் களையவில்லை. நேர்த்திக்கடனை நேர்ந்தவர் தாய். அதன் முழு விலையையும் பின்னால் கொடுக்க நேர்ந்தவரும் அவரே.

1662-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், பதினைந்து வயதில், ஜான் லிஸ்பனில் சேசு சபையின் நவதுறவியர் இல்லத்தில் சேர்ந்தார். ஏவோராவிலும் கொயிம்பிராவிலும் படித்தார். கல்வியில் சிறந்து விளங்கியதால், போர்த்துக்கல்லிலேயே பேராசிரியராக வைத்துக்கொள்ளச் சபையார் விரும்பினர். அவரோ சவேரியார் போன வழியில் போக அனுமதி கேட்டு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதினார். 1673-ல் குருப்பட்டம் பெற்றார், அதே ஆண்டு இந்தியாவுக்குப் புறப்படக் கட்டளையும் கிடைத்தது.

தாயால் இதை ஏற்க முடியவில்லை. கணவரைக் கடலுக்கு அப்பால் பறிகொடுத்தவர், கடைசிப் பிள்ளையையும் கடல் கொண்டுபோகக் கண்டார். லிஸ்பனில் இருந்த பாப்பரசரின் தூதரிடம் சென்று, மகனை நிறுத்தி வைக்கும்படி மன்றாடினார். வரலாற்று நூல்களில் இந்தப் பகுதியைச் சிலர் தாயின் பலவீனம் என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. நம் பங்கிலும் பக்கத்துப் பங்குகளிலும் பிள்ளைகளைக் குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் அனுப்பிய தாய்மார் இருக்கிறார்கள். பூசையில் சிரித்த முகத்தோடு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படியில் அழுதவர்களை நாம் அறிவோம். விசுவாசம் உள்ளவர்களுக்கு வலிக்காது என்று யாரும் சொன்னதில்லை. பிரித்தஸ் அம்மையாரின் முயற்சி பலிக்கவில்லை. மார்ச் மாதம் கப்பல் புறப்பட்டது. ஆறு மாதம் கடலில் கழித்து, செப்டம்பர் மாதம் கோவாவை அடைந்தார் மகன்.

அதுவரை வந்த மாற்றங்கள் எல்லாம் ஒரு பங்கு, இனி வந்தவை பல பங்கு. கோவாவில் அவர் கண்டது இன்னொரு லிஸ்பன். அதே மொழி, அதே உடை, அதே உணவு. மதுரை மிஷன் அப்படியன்று. மதுரை நாயக்கரின் ஆட்சிப் பரப்பில் கடலோரத்துப் பறங்கியருக்கு மதிப்பில்லை. பறங்கி என்றால் மாடு தின்பவன், குடிப்பவன், ஒழுங்கற்றவன் என்று பொருள். அவனுடைய வேதத்தைக் கேட்பதே இழிவு. இதை உணர்ந்துதான் 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி சந்நியாசி வாழ்க்கையை மேற்கொண்டார். அவர் வழி உயர்குலத்தாரிடம் செல்ல உதவியது, மற்ற மக்களிடம் செல்லத் தடையாயிற்று. ஆகவே 1640-ல் பல்தசார் தா கோஸ்தா அடிகள் பண்டார சுவாமி என்னும் மற்றொரு முறையைத் தொடங்கினார். பண்டாரங்கள் எல்லாக் குலத்தாரோடும் பழகலாம். (சாதி வேற்றுமைக்கு இடம்கொடுத்த அந்த ஏற்பாடுகளில் இன்று நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. அக்காலத்தார் தங்களுக்குத் தெரிந்த வழியில் நடந்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.) ஜான் தெ பிரிட்டோ தேர்ந்துகொண்டது இந்தப் பண்டார சுவாமி முறையைத்தான்.

1674-ல் மலைகளைத் தாண்டித் தமிழகத்தின் உட்பகுதிக்கு வந்து சேர்ந்தபோது, அரண்மனையில் வளர்ந்த பிரபுவின் மகன் காவியுடுத்து, கையில் தடி பிடித்து நடக்கும் துறவியாயிருந்தார். புலால் இல்லை, திராட்சை ரசமும் பீடத்தில் மட்டுமே. சோறு, கீரை, காய், பால், அதுவும் குறைந்த அளவில். படுக்கை தரையில். பெயரும் மாறிற்று. அருளானந்த சுவாமி என்றே மக்கள் அழைத்தார்கள். நாமும் இனி அப்படியே அழைப்போம். முப்பது வயதை நெருங்கும் நேரத்தில், குழந்தையைப் போல அ, ஆவிலிருந்து ஒரு மொழியைக் கற்றார். ழகரமும் ளகரமும் அவரை என்ன பாடு படுத்தினவோ, தமிழ் நாட்டிலேயே பிறந்த நம் பிள்ளைகளையே அவை பாடாய்ப் படுத்துகின்றன.

இந்த இடத்தில் சிறிது நின்று யோசித்தோம். 1960-களில் லத்தீன் பூசை தமிழுக்கு மாறியதும், பீடம் மக்களை நோக்கித் திரும்பியதும் நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பக்தி போயிற்று என்று வருந்தியவர்கள் உண்டு, வேறு பங்குக்குப் போய்விடலாமா என்று பேசியவர்களும் உண்டு. அவர்கள் வருத்தம் பொய்யன்று. பழகிய ஒன்றை விடுவது யாருக்கும் எளிதல்ல. ஆனால் மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தன் மொழி, உடை, உணவு, பெயர் அத்தனையையும் மாற்றிக்கொண்ட ஒருவரைத்தான் நாம் பாதுகாவலராகக் கொண்டிருக்கிறோம் என்பதை அன்று யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பன்னிரண்டு ஆண்டுகள் இப்படி உழைத்தார். செஞ்சிப் பக்கத்திலும் தஞ்சைச் சீமையிலும் நடந்தார். ஓரிடத்தில் வரவேற்பு, மறு இடத்தில் அடி. போரும் பஞ்சமும் நாட்டை அலைக்கழித்த காலம் அது. மிஷனின் தலைமைப் பொறுப்பும் 1680-களின் நடுவில் அவரிடம் வந்தது. 1686 மே மாதத்தில், பல ஆண்டுகளாகக் குருக்கள் எவரும் நுழைய முடியாதிருந்த மறவ நாட்டுக்குள் அவர் கால் வைத்தார். அன்று சிவகங்கைச் சீமை என்று தனியாக ஒன்று இல்லை. நாம் இருக்கும் இந்தப் பகுதி முழுவதும் ராமநாதபுரம் சேதுபதியின் ஆட்சியில் இருந்தது. இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஜூலை 17-ஆம் நாள் மங்கலம் என்னும் ஊரருகே, உபதேசியார்களோடு சேர்த்து, சேதுபதியின் படைத்தலைவர் குமாரப் பிள்ளையின் ஆட்களிடம் பிடிபட்டார்.

அதன் பின் நடந்தவை கேட்கக் கடினமானவை. சங்கிலியிட்டுக் காளையார்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். மரத்தில் கட்டினார்கள், குளத்துநீரில் அமிழ்த்தினார்கள், வெயிலில் காய்ந்து சுட்ட கரடுமுரடான பாறைமேல் கிடத்தி மிதித்தார்கள். உபதேசியார் ஒருவரின் கண் பறிபோயிற்று. கைகால்களை வெட்டிக் கழுவில் ஏற்றும்படி தீர்ப்பும் ஆயிற்று. அருளானந்தர் மரணத்துக்குத் தம்மை முழுமையாக ஆயத்தம் செய்துகொண்டார். சிறுவயதில் கேலியாக வைத்த பட்டப்பெயர் மெய்யாகும் நாள் வந்துவிட்டதென்று மகிழ்ந்தார்.

ஆனால் அந்த நாள் வரவில்லை. சேதுபதி அவரை ராமநாதபுரத்துக்கு வரவழைத்தார். அப்போது ஆண்டவர் கிழவன் சேதுபதி என்று பெயர்பெற்ற ரகுநாத சேதுபதி. தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர், கூர்மையான அறிவாளி. அருளானந்தரின் போதனை என்னவென்று கேட்டறிந்தார். அதில் குற்றம் காணாமல் விடுதலை செய்தார். ஒரே நிபந்தனை, மறவ நாட்டில் இனிமேல் போதிக்கக் கூடாது.

இதோடு முடியவில்லை. மேலாளர்கள் அவரை மிஷனின் பிரதிநிதியாக ஐரோப்பாவுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். அடிபட்ட காயம் ஆறுவதற்குள், சாகத் துணிந்த இடத்தை விட்டு, கணக்கு வழக்குகளோடும் அறிக்கைகளோடும் கப்பலேறச் சொல்லிக் கட்டளை. எங்களைக் கேட்டால், அருளானந்தர் வாழ்வில் மிகக் கடினமான மாற்றம் இதுதான் என்போம். லிஸ்பனை விட்டு வந்தது அவர் ஆசை. காவி உடுத்தது அவர் தேர்ந்த வழி. நாமே தேர்ந்துகொண்ட துன்பத்தில் நம் மனதுக்கு ஒரு நிறைவு உண்டு. பாறைமேல் கிடந்தபோதுகூட, நினைத்த வழியில்தான் போகிறோம் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. திரும்பிப் போ என்ற கட்டளையில் அந்த நிறைவு ஏதும் இல்லை. அவர் முறையிட்டதாகவோ தாமதித்ததாகவோ வரலாறு கூறவில்லை. 1686 முடிவில் கோவாவிலிருந்து புறப்பட்டு 1687 செப்டம்பர் 8-ஆம் நாள், தேவதாயின் பிறந்த திருநாளன்று, லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கினார். பணி ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் இனித் தாம் எதற்கு என்று கலங்கும் பெரியவர்களும், நோய் காரணமாகத் தொழிலை விட்டவர்களும் இந்தப் பயணத்தைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தாய் மகனைக் கண்டார். உடன் விளையாடிய இளவரசர் இப்போது இரண்டாம் பேதுரு மன்னர். அவையெங்கும் ஆரவாரமான வரவேற்பு. கொயிம்பிரா, ஏவோரா என்று ஊர் ஊராகச் சென்று மதுரை மிஷனைப் பற்றிப் பேசினார், இளங்குருக்களைத் திரட்டினார். ஆனால் அரண்மனை விருந்துக்கு அழைத்தாலும் அவர் உண்டது காய்கறியே, பஞ்சணை போட்டாலும் படுத்தது தரையிலே. ஏனென்றால் தமிழகத்துக்குத் திரும்பும்போது மறுபடியும் உடலைப் பழக்க வேண்டியிருக்கும் என்ற கவலை. அதை வெறும் தவம் என்று நாம் எண்ணவில்லை. மாறிய வாழ்வே அவருக்கு இயல்பாகிவிட்டது, பிறந்த ஊரில்தான் அவர் விருந்தாளி. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் சொந்த வீட்டில் சில நாள் தடுமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

மன்னர் அவரை விட விரும்பவில்லை. தம் மகனுக்கு ஆசிரியராக அரண்மனையிலேயே இருக்கும்படி வற்புறுத்தினார். குறையொன்றும் சொல்ல முடியாத பதவி. பலருக்கும் நன்மை செய்யக்கூடிய இடம். வயோதிகத் தாய்க்கும் ஆறுதல். அருளானந்தர் பணிவோடு மறுத்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாற்றத்தை ஏற்பதென்றால் வந்ததற்கெல்லாம் தலையாட்டுவது என்று பொருளல்ல. மேலாளர் கட்டளையை மறுக்காத அதே மனிதர், மன்னரின் வேண்டுகோளை மறுத்தார். எது இறைவனின் அழைப்பு, எது வெறும் வசதி என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. அதற்குத்தான் ஜெபம் தேவைப்படுகிறது. 1690 ஏப்ரலில் மீண்டும் கப்பலேறி, நவம்பரில் கோவா சேர்ந்தார். தாயிடம் இரண்டாம் முறையாக விடைபெற்றார். இம்முறை தாய் தடுக்கவில்லை.

தடை இருந்தும் மறவ நாட்டுக்கே அவர் திரும்பினார். அங்கே அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் என்பவர் தீராத நோயில் கிடந்தார். அருளானந்தர் அனுப்பிய உபதேசியார் அவர்மேல் சுவிசேஷம் வாசித்து ஜெபிக்க, அவர் குணமானார். ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் ஐவர். ஒரே மனைவியோடு வாழச் சம்மதித்தால்தான் ஞானஸ்நானம் என்று அருளானந்தர் கூறிவிட்டார். தடியத்தேவர் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களை உடன்பிறந்தவர்களாகக் கருதிப் பராமரிக்க முடிவு செய்தார். 1693 ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாளன்று, அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் இளையவரான கடலாயி, சேதுபதியின் சகோதரி மகள். அவர் மாமனிடம் சென்று முறையிட்டார். பிரசங்கங்களில் இப்பெண்மணியை ஏரோதியாளோடு ஒப்பிட்டுப் பேசக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அதில் முழு உடன்பாடில்லை. தடியத்தேவர் ஏற்றுக்கொண்ட மாற்றம் அவரே தேர்ந்தது. கடலாயிமீது அது சுமத்தப்பட்டது. அவரை யாரும் கேட்கவில்லை. அக்காலத்து அரச மகளிரின் நிலை எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி போதும். 1710-ல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் நாற்பத்தேழு பேர் அவரோடு தீயில் இறங்கினர் என்று சேசு சபைக் குருக்களின் கடிதங்களில் காண்கிறோம். கணவன் வீடு ஒன்றே போக்கிடமாயிருந்த காலத்தில், அந்த வீட்டிலிருந்து விலக்கப்பட்ட பெண்ணின் சினத்தை நாம் கண்டிக்கலாம், புரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. அருளானந்தர் கேட்டது திருச்சபையின் சட்டம். அதில் அவர் தவறவில்லை. ஆயினும் ஒருவரின் மனமாற்றத்துக்கு வேறொருவர் விலை கொடுக்க நேர்கிறது என்பதையும் இந்த வரலாற்றிலிருந்து மறைக்க வேண்டாம்.

சேதுபதிக்குக் குடும்ப மானத்தோடு அரசியல் கவலையும் சேர்ந்துகொண்டது. அரசுரிமை கோரக்கூடிய தடியத்தேவர் புதிய சமயத்தாரின் துணையோடு வலுப்பெற்றால் என்ன ஆகும்? ஜனவரி 8-ஆம் நாள் முனி என்னும் சிற்றூரில் அருளானந்தர் கைதானார். விலங்கிட்டு, தேவகோட்டைக்கு அணித்தான அனுமந்தன்குடி வழியாக அவரை ராமநாதபுரம் கொண்டுபோனார்கள். தலைநகரிலேயே கொல்வது கலகத்துக்கு வழியாகலாம் என்று கருதிய சேதுபதி, நாடு கடத்துவதாக வெளியில் அறிவித்து, ஓரியூர்ப் பகுதியை ஆண்ட தம் சகோதரர் உடையத்தேவரிடம் அவரை அனுப்பினார். கொல்லும்படி இரகசிய ஆணையும் கூடவே சென்றது. ஜனவரி 31-ல் ஓரியூர் சேர்ந்தார். சிறையில் மையும் எழுதுகோலும் இல்லை. கரியை நீரில் குழைத்து, துரும்பை எழுதுகோலாக்கி, தலைமைக் குருவான பிரான்சிஸ் லாய்னஸ் அடிகளுக்கு பிப்ரவரி 3-ல் கடிதம் எழுதினார். யார்மீதும் குறைகூறல் இல்லாத, மகிழ்ச்சியான கடிதம் அது.

மறுநாள் பிப்ரவரி 4, விபூதிப் புதன். பாம்பாற்றங்கரை மேட்டுக்கு அவரை நடத்திச் சென்றார்கள். சிறிது நேரம் முழந்தாளிட்டு ஜெபித்தார். பின் எழுந்து, கொலைஞனைத் தழுவிக்கொண்டார். கழுத்திலிருந்த அருளிக்கக் கயிற்றை மந்திரக் கயிறு என்று அஞ்சி, கையால் தொடாமல் ஆயுதத்தாலேயே அறுத்தான் அவன். தலை வீழ்ந்தது. கைகால்களும் துண்டிக்கப்பட்டு, உடல் கம்பத்தில் கட்டப்பட்டது. நாற்பத்தாறு வயது நிறைய இன்னும் ஒரு மாதம் கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு மறவ நாட்டரசர்மீது யாரும் கோபம் கொள்ள வேண்டியதில்லை. காலம் மாறியபோது மனங்களும் மாறின. சருகணிக் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்தவர்கள் சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஓரியூர் செம்மண் மேட்டுக்கு அன்று முதல் இன்று வரை வருபவர்களில் கிறிஸ்தவர்கள் அல்லாதாரே பெருந்தொகை. அவர்களுக்கு அவர் அருளானந்த சுவாமி. லிஸ்பன் என்ற ஊர் எங்கிருக்கிறது என்று அவர்களில் பலர் கேட்டதுகூட இல்லை.

ஆனால் திருச்சபை அவரைப் பீடத்துக்கு உயர்த்த நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. காரணம் கேட்டால் வியப்பாயிருக்கும். மக்களுக்காக அவர் ஏற்ற உடையும் பழக்கவழக்கங்களுமே தடையாயின. மலபார் சடங்குகள் பற்றிய பெரும் வாதம் அப்போது மூண்டிருந்தது. 1704-ல் புதுச்சேரியில் கர்தினால் தூர்னோன் பல வழக்கங்களைத் தடை செய்தார். அத்தகைய வழக்கங்களைக் கையாண்டவரைப் புனிதர் என்பதா என்று கேள்வி எழுந்தது. 1741-ல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அது தடையன்று என்று தீர்ப்பளித்தார். பிறகு சேசு சபையே கலைக்கப்பட்டு, மீண்டும் நிறுவப்பட்டு, 1853-ல் ஒன்பதாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1947 ஜூன் 22-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் புனிதராகப் பிரகடனம் செய்தார். இந்தியா விடுதலை அடைய அப்போது இரண்டு மாதமும் இல்லை. 1987-ல் மதுரையிலிருந்து பிரித்து நம் சிவகங்கை மறைமாவட்டம் உருவானபோது, பாதுகாவலர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

தாயைப் பற்றிய செய்தி ஒன்று பாக்கி. ஓரியூரில் நடந்தது கடல் தாண்டி லிஸ்பனைச் சென்றடைய மாதங்கள் பல ஆயின. செய்தி வந்ததும் மன்னர் பேதுரு, பிரித்தஸ் அம்மையாரை அரண்மனைக்கு அழைத்தார். தூதரிடம் சென்று மகனைத் தடுக்கக் கெஞ்சிய அதே தாய். கணவரைப் பிரேசிலிலும் கடைசிப் பிள்ளையை மறவ நாட்டிலும் இழந்த முதியவள். மகன் இறந்த வீட்டில் கறுப்பு உடுத்துவது அந்நாட்டு வழக்கம். அம்மையார் அன்று கறுப்பு உடுத்தவில்லை. திருநாளுக்கு உடுத்தும் ஆடையை எடுத்து அணிந்துகொண்டு, அவையோர் எழுந்து நின்று வணங்க, மன்னர் முன் சென்றார். மூத்த மகன்களில் ஒருவரான பெர்னாந்து தம் தம்பியின் வரலாற்றை எழுதினார். அது 1722-ல் கொயிம்பிராவில் அச்சாயிற்று.